யாருடையதும் அல்லாத மிதவை

ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் ஒரு முழம் சிவப்புத் துணி. இவ்வளவு இருந்திருந்தால் என் அண்ணனின் படகு உடைந்திருக்காது. நாலு பெரிய மனிதர்களின் யோக்கியதையைக் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து நான் தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்திருக்காது. மூங்கிலுக்குப் பஞ்சமான ஊரில்லை எங்களுடையது. வாழைக்கு முட்டுக்கொடுக்கவும் கல்யாணப் பந்தலுக்கும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். நடுவதற்குத்தான் ஆளில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோயமுத்தூரில் சட்டம் படித்து முடித்துவிட்டு, பவானியில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஜூனியர் என்றால் வாய்தா வாங்குகிற உத்தியோகம். அண்ணன் எங்கள் ஊர்த் துறையில் விசைப்படகு ஓட்டினார். காவிரிக்கு இந்தக் கரையில் எங்கள் ஊர், எதிர்க்கரை சேலம் ஜில்லா. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வருசா வருசம் துறையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மட்டுமே ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகலாம். அண்ணனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அப்பா விட்டுப்போன காட்டில் கிணறு வற்றி நாளாகியிருந்தது. துறை கையைவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறில்லை.

துறைக்குக் கொஞ்சம் வடக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். ரைஸ் மில்லும் லாரிகளும் வைத்திருந்தவர் திடீரென்று கான்ட்ராக்டர் ஆகியிருந்தார். எங்கள் பக்கத்தில் நாலு தலைமுறை தோண்டினால் எல்லோரும் எல்லோருக்கும் உறவுதான். அந்தக் கணக்கில் அவர் அண்ணனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். என்னை அம்மணி என்பார். அவரைப் பற்றி எழுதும்போதும் மரியாதை விகுதி தானாக வந்து விழுகிறது. வளர்ப்பு அப்படி, அதை மதிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் ஆற்றுக்குள் ஓர் இரும்பு மிதவையை நிறுத்தியிருந்தார். அதன் மேல்தான் கலவை எந்திரமும் கம்பிக் கட்டுகளும் இருக்கும். ஐப்பசியில் மேட்டூரில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டபோது கட்டியிருந்த வடம் அறுந்து, மிதவை உருண்டு வந்து, படகு போகிற வழியில் எங்கோ முழுகிவிட்டது. எங்கோ என்றுதான் சொல்ல முடியும். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இன்றைக்கு ஓரிடத்தில் கிடந்தது, வெள்ளம் கூடினால் நாளைக்குக் கொஞ்சம் தள்ளிக் கிடக்கும். அது அங்கே கிடக்கிறது என்பது டீக்கடையில் குந்தியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அண்ணன் முதலில் கான்ட்ராக்டரிடம் போய், ஒரு அடையாளம் வைக்கச் சொல்லிக் கேட்டார். அது தன் சாமானே இல்லை, கொச்சிக்காரர் ஒருவர் வாடகைக்குக் கொடுத்தது, அவர் வந்து பார்த்துக்கொள்வார் என்றார் கான்ட்ராக்டர். அடுத்து பொதுப்பணித்துறை என்ஜினியர். இலாகா அந்த மிதவையை ஆற்றில் போடவில்லை, போடாத ஒன்றுக்கு அடையாளம் வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அவர் சொன்னார். யூனியன் ஆபீசில், நாங்கள் ஏலம் விடுவது துறையைத்தான், தண்ணீருக்கு அடியில் இருப்பதை அல்ல என்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

சரி, நீயே ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போயேன் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை அசடு என்பது போலப் பார்த்தார். "நாம நட்டா நம்முளுதுன்னு ஆயிரும் அம்மணி. அப்பறம் எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிபோடுவாங்க" என்றார். வரப்பில் ஒரு முளைக்குச்சி ஒரு சாண் நகர்ந்ததற்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாகிற ஊர் இது. குச்சி நட்டவனுக்குத்தான் இடம் சொந்தம் என்று பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். அந்த அறிவை அப்படியே கொண்டுபோய் ஆற்றிலும் வைத்தார்கள். ஆகவே ஆளுக்கொரு காரணத்தோடு குச்சியை நடாமல் இருந்தார்கள். எனக்கு என் அண்ணன் மேல் அன்றே எரிச்சல்தான்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, வெல்ல மூட்டைகளையும் சந்தைக்குப் போகிற சனங்களையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். வழக்கம்போல மிதவை கிடப்பதாக நினைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். அது அதற்குள் வேறு இடத்துக்கு வந்திருந்தது. அடிப்பலகை கிழிந்த சத்தம் கரை வரைக்கும் கேட்டதாம். அண்ணன் படகை மணல்மேட்டுப் பக்கம் திருப்பியதால் எல்லோரும் மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பிழைத்தார்கள். வெல்லத்துக்காரர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகராமல் நின்றிருக்கிறார். அவர் கையில் வெறும் சாக்கு மிஞ்சும் வரைக்கும் அப்படியே நின்றாராம். அன்றைக்குக் காவிரித் தண்ணீர் இனித்தது என்று ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவரவர் வெல்லமாக இருந்தால் தெரிந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. குடித்துவிட்டுப் படகு ஓட்டியிருக்கிறான் என்று. கான்ட்ராக்டரின் மில் வாசலில்தான் அது பிறந்தது. அண்ணன் குடிக்காதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் காட்டுச் சாலைக் கொட்டகையில் உட்கார்ந்து கொஞ்சம் குடிப்பார், மற்ற நாளில் தொடமாட்டார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்ததால், புதன்கிழமை குடிக்கவில்லை என்று அடித்துச் சொல்ல ஒரு ஆள் முன்வரவில்லை. படகில் இருந்து உயிர் பிழைத்து இறங்கியவர்கள்கூட, எங்களுக்கு என்னங்க தெரியும் என்று கைகட்டி நின்றார்கள்.

யூனியன் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அண்ணன் படகு ஓட்டக் கூடாது. தப்பு அவர்மேல் என்று முடிவானால் இனி ஏலத்தில் கலந்துகொள்ளவே முடியாது. அதுவரைக்கும் துறையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா? கான்ட்ராக்டரின் தங்கச்சி மகன் சும்மாதான் இருந்தார். அவர் ரெண்டு பரிசலோடு வந்து இறங்கினார்.

நான் கோயமுத்தூருக்குப் போய்ச் சட்டக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, கடலில் முழுகிய கப்பல்களைப் பற்றியெல்லாம் படித்தேன். சாரம் எளிமையானது. முழுகிக் கிடக்கும் கலம் யாருடையதோ, யார் வசத்தில் இருக்கிறதோ, அவர் அதற்கு அடையாளம் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டு வேறு கப்பல் வந்து மோதினால் சேதத்துக்கு அவரே பொறுப்பு. நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்து என் சீனியரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் வாழ்நாள் முழுக்க வண்டித்தட வழக்கு நடத்தியவர். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பாதி வழக்கு, என் காட்டுக்குப் போகிற தடத்தை அவன் மறித்துவிட்டான் என்பதுதான். அவர் மூக்குப்பொடியை உதறிவிட்டுச் சொன்னார்: "தடத்துல கல்லைப் போட்டவன் எடுக்கோணும். எடுக்காட்டி நாலு பேருக்குத் தெரியறாப்பல அடையாளம் வெக்கோணும். இதுக்கு எதுக்கு அம்மணி கப்பலு?"

அவர் சொன்னது சரிதான், அதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்குக் கசந்தது. கட்சிக்காரரைக் கோர்ட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டு எதிர்க்கட்சியின் காரில் ஏறிச் சாப்பிடப் போகிற மனிதர் அவர். கான்ட்ராக்டர் படியேறி வந்தால் என் சீனியர்தான் முதலில் எழுந்து கும்பிடுவார்.

முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். கான்ட்ராக்டர், பொதுப்பணித்துறை, யூனியன் மூவரும் பதில் போட்டார்கள். மூன்று பதிலிலும் ஒரே சங்கதி. அந்த மிதவை எங்களுடையது அல்ல. இவ்வளவு பெரிய இரும்பு, மூன்று பேர் கண்ணெதிரே ஆற்றில் கிடக்கிறது, அதற்கு அப்பன் இல்லை. நேற்றுவரை பொறம்போக்கில் ஒரு வேப்பங்கன்றைக்கூட விட்டுவைக்காதவர்கள் இவர்கள். கொச்சிக்காரர் யார் என்று கேட்டதற்கு விலாசம் தொலைந்துவிட்டது என்றார்கள். விசாரணை வாய்தா வாய்தாவாக ஓடியது. வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று யூனியன் ஆபீசும் விசாரணையைத் தள்ளிப்போட்டது. அண்ணன் துறையில் உட்கார்ந்து, அந்தப் பையன் பரிசலில் ஆள் ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் மேட்டூர் அணையை மூடினார்கள். ஆறு வற்றியதும் மிதவையின் முதுகு வெளியே தெரிந்தது. காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒரு வாய்தா நாளில் கோர்ட்டு வராந்தாவில் நின்றுகொண்டு அண்ணிதான் அந்தப் பேச்சை எடுத்தார். அண்ணி லேசுப்பட்ட ஆள் இல்லை. பக்கத்துக் காட்டில் விழுந்த தேங்காய் மட்டையைக்கூட நம் பக்கம் விழுந்தது என்று எடுத்து வருவார். அவர் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, அது யாருதும் இல்லீன்னு மூணு பேரும் எழுதிக் குடுத்துபோட்டாங்களே, அப்ப நாம எடுத்து எடைக்குப் போட்டுக்கலாமல்லோ?"

அவருக்கு இரும்பின் மேல்தான் கண். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றே ஒரு மனு எழுதினேன். உடையவர் யாரும் இல்லாத அந்த மிதவை போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கிடக்கிறது, அதை எடுத்துப் பழைய இரும்பாக விற்று, எங்கள் படகைச் செப்பனிட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. சீனியர் படித்துப் பார்த்துவிட்டு, விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாயைக் கூட்டி வந்தோம். அவர் லாரியைக் கரையில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நடந்துபோய், மிதவையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு என்றார். இந்தச் சங்கதியில் நான் பார்த்த ஆண்களில், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் சுத்தியலின் ஓசை ஊருக்குள் போவதற்குள் கான்ட்ராக்டரின் அம்பாசிடர் கரைக்கு வந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கினார். லாரியில் கிடந்த சங்கிலியையும் கொக்கியையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே அவர் எங்கள் மனுவுக்கு ஆட்சேபம் போட்டார். மிதவை என்னுடையது, என் சொத்தை வேறொருவர் விற்க அனுமதிக்கக் கூடாது என்று. அவருடைய வக்கீல் எவ்வளவோ தடுத்திருக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பொறுப்பு வந்து சேரும் என்று பயந்து ஆறு மாசத்துக்கு மேலாக அதை யாரோ பெற்ற பிள்ளை என்று சொன்னவர், அடுத்தவன் ஒரு கிலோ இரும்பு தின்றுவிடுவான் என்றதும் தாங்க முடியாமல் ஓடி வந்துவிட்டார். நஷ்டஈட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம், தன் இரும்பை இன்னொருவன் தராசில் பார்ப்பதைப் பொறுக்க முடியாது. எங்கள் மண்ணின் பெரிய மனிதர்களை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கான்ட்ராக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். முன்சீப் இளவயதுக்காரர், தெற்கத்திக்காரர், பொறுமையாகக் கேட்டார். மிதவை உங்களுடையதுதானா? ஆமாங்க. உங்களுடையது இல்லை என்று முன்பு பதில் போட்டிருக்கிறீர்களே? அது அப்பங்க. கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை.

"உங்களுடையது என்றால், அது முழுகிக் கிடந்த இடத்தில் ஓர் அடையாளம் ஏன் வைக்கவில்லை?"

"அடையாளம் வெச்சா என்ரதுன்னு ஆயிருமுங்களே சாமி. அதுக்குத்தானுங்க வெக்கலை."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அப்புறம் எடுத்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் நான் எட்டிப் பார்க்காத குறை. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போனது, அதை மறைக்க விருப்பமில்லை. நடுத்தெருவில் ஆட வேண்டும் போலிருந்தது. மிதவை அவருடையது, அடையாளம் வேண்டுமென்றே வைக்கவில்லை, ரெண்டையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி அண்ணன் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வரும், அதைக் கொண்டுபோய் யூனியன் ஆபீசில் வைத்தால் துறை திரும்பி வரும், குடிகாரன் என்ற பேச்சும் அத்தோடு செத்துப்போகும்.

மிச்சம் இருந்தது ஒரு சாட்சிதான். மிதவை எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்று கரைக்காரர்கள் யாரும் சொல்ல வரமாட்டார்கள், ஆகவே இரும்புக்கடை பாயைக் கேட்கலாம் என்று நான் கோயமுத்தூர் போனேன். காந்திபுரத்தில் இறங்கி உக்கடத்துக்கு டவுன் பஸ் பிடித்தேன். வெளியூர்க் கோர்ட்டு என்று பாய் முதலில் தயங்கினார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்ல என்ன பயம் தங்கச்சி, வருகிறேன் என்றார். அந்தச் சந்தோசத்தோடு ஊர் திரும்பினேன்.

வீட்டில் அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் கான்ட்ராக்டர் வீடு தேடி வந்திருக்கிறார். கூடவே என் சீனியர். கான்ட்ராக்டர் கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். அப்பாவைப் போல ஒரு மனுசன் இந்த ஊரில் இனிமேல் பிறக்கப்போவதில்லை என்று கண்ணைத் துடைத்திருக்கிறார். சொந்தத்துக்குள் கோர்ட்டு எதற்கு, படகை என் செலவில் ஆசாரியை வைத்துச் சரிபண்ணித் தருகிறேன் என்றிருக்கிறார். சீனியர் பையிலிருந்து ராஜிப் பத்திரத்தை எடுத்து வைத்திருக்கிறார். ஆற்றின் இயற்கையான போக்கால் படகு சேதமானது, இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை, மிதவை காரணம் என்ற வாதத்தை வாதி கைவிடுகிறார் என்று அதில் இருந்தது. அண்ணன் அந்தக் குடித்த பேச்சைப் பற்றி மட்டும் மெதுவாகக் கேட்டாராம். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம் கான்ட்ராக்டர். அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஊடு தேடி வந்துபோட்டாங்க அம்மணி. பெரியவிய, மோரு வாங்கிக் குடிச்சுபோட்டுக் கேக்கறாங்க. எப்படி முடியாதுங்கறது?" என்றார்.

முடியாது என்று சொல்லலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஊரார் எங்களைப் புகழ்ந்து சொல்கிற அந்த மரியாதை, வாங்க போங்க என்கிற அந்தக் குழைவு, அதில் ஒரு பைசாவுக்குப் பெறுமானம் இல்லை என்று அன்று எனக்குத் தெரிந்தது. அது மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனிடம் கையெழுத்து வாங்குகிற வழி, அவ்வளவுதான். மறுநாள் சீனியரின் ஆபீசுக்குப் போய் என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே கிளம்பிட்டே அம்மணி என்று அவர் அக்கறையாகக் கேட்டார். 

கான்ட்ராக்டர் சொன்னபடி படகைச் சரிபண்ணிக் கொடுத்தார். மிதவையைத் தானே எடுத்து, தானே விற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் யூனியன் ஆபீசில் விசாரணை நடந்தது. அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். கான்ட்ராக்டர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தங்கச்சி மகன் சலவைச் சட்டையோடு சுவரோரம் நின்றிருந்தார். ஆணையாளர் கோர்ட்டு ராஜிப் பத்திரத்தைப் படித்தார். மிதவை காரணமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். வேறு யாருடைய தப்பும் இல்லை. அப்படியென்றால் அமைதியாக ஓடுகிற ஆற்றில் நல்ல படகு எப்படி உடையும்? ஒன்று படகு சரியில்லை, இல்லாவிட்டால் ஓட்டினவர் சரியில்லை. ரெண்டில் எதுவானாலும் துறையை உங்கள் கையில் கொடுக்க முடியாது.

நான் பேச எழுந்தேன். வக்கீல்களுக்கு இங்கே இடமில்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். அண்ணன் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். என்னதான் கேட்கப்போகிறார் என்று பார்த்தேன்.

"மாமா, நான் அன்னிக்குக் குடிக்கலைன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லுங்க."

"நானு எப்பங்க மாப்பிள்ளை நீங்க குடிச்சீங்கன்னு சொன்னேன்?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார்.  ஆணையாளர் காகிதக் கட்டை மூடினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பின்னாலேயே அம்பாசிடர் வந்து நின்றது. கான்ட்ராக்டர் கண்ணாடியை இறக்கி, மனசை விட்டுராதீங்க மாப்பிள்ளை, பையனுக்குப் படகு ஓட்டத் தெரியாது, உங்க படகையே விட்டுக்கலாம், நீங்களே ஓட்டுங்க, கூலியைப் பேசிக்கலாம் என்றார். வெயிலில் எதற்கு நிற்கிறீர்கள், வண்டியில் ஏறுங்கள், வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றும் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அண்ணி அவர் சட்டையைப் பிடித்தார். அவர் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு, கார்க் கதவைத் திறந்தார். ஏறுவதற்கு முன் குனிந்து, செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறி, கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே விரித்திருந்த விரிப்பு அழுக்காகிவிடக் கூடாதல்லவா. மடியில் அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வா அம்மணி, இடமிருக்குது என்று என்னைக் கூப்பிட்டார்.